மூடியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர்

விதிகள் அறுபத்திரண்டு, விமானங்கள் மூன்று. 1948-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் திருச்சி–ஸ்ரீரங்கம் மாதிரி விமானக் கழகத்தின் மொத்த ஆஸ்தி இவ்வளவுதான். விமானங்களைக் கட்டி முடிக்க மூன்று பேருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. விதிகளைக் கட்டி முடிக்க ஒரே ஒருவருக்கு ஒரு மாசி மாதம் போதுமானதாக இருந்தது.

அந்த ஒரே ஒருவர் வடக்குச் சித்திரை வீதி பராசரன். ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜண்டு. கழகத்தின் பாதுகாப்புக் காரியதரிசி. ஆனால் அவரைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தினால் அவருடைய இனத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். ஜாக்கிரதைக்காரர் என்பது தனி இனம். எல்லா ஊரிலும் விளையும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கோழை என்று அவரை நினைத்துவிடாதீர்கள். கோழை தனக்காகப் பயப்படுகிறவன், பயந்தால் ஓடிவிடுவான், நமக்குத் தொந்தரவு இல்லை. ஜாக்கிரதைக்காரர் உங்களுக்காகப் பயப்படுகிறவர். ஆகவே ஓடமாட்டார். உங்கள் பக்கத்திலேயே நிற்பார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கையை வெளியே நீட்டாதேங்கோ" என்று உங்களைப் பார்த்துச் சொல்வதற்காகத் தன் கையை வெளியே நீட்டி எது வெளியே என்று காட்டுகிறவர் யார்? காவிரிப் படித்துறையில் எந்தப் படி வழுக்கும் என்று கண்டுபிடித்து, அந்தப் படியிலேயே நின்றுகொண்டு, குளிக்க வருகிறவர்கள் கால் வைக்க வேறு படி இல்லாமல் தவிக்க, "பாத்து, பாத்து" என்று ஒவ்வொருவரையும் எச்சரிக்கிறவர் யார்? கல்யாணப் பந்தலின் கால் உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கிறவர் யார்? ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடறது, நான் சொன்னேனோன்னோ?" என்று சம்பந்தியைக் கூப்பிடுகிறவர் யார்?

அவரேதான்.

வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் பரமபத வாசலுக்கு முன்னால் நெருக்கியடிக்கும் ஜனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்ற மார்கழியில் பராசரன் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, வாசற்படியை மிதித்ததும், சட்டென்று திரும்பி நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் அகல விரித்தார். "வாசல்ல நிக்காதேங்கோ! வாசல்ல நின்னா நெரிசல்! உள்ளே போயிண்டே இருங்கோ!" பின்னால் வந்தவர்கள் எப்படிப் போவார்கள்? வாசல் முழுவதும் பராசரன். கடைசியில் நாலு பேர் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். அன்று நெரிசலில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் தாமே என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் அப்படித்தான். அவருடைய மனைவி வைஜயந்தி குமுட்டி அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கும் சமயம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "தலைப்பு! புடவைத் தலைப்பு!" அந்த அம்மாள் திடுக்கிட்டு ஈயச் சொம்பைச் சாய்ப்பார். ரசம் அடுப்பை அணைக்கும்.

"பாத்தியா, கொட்டிடுத்து. இதுக்குத்தான் சொல்றது."

"ஏன்னா, நீங்க சொல்லாம இருந்தா ஒரு சொட்டு கொட்டாதுன்னா!"

இந்த வாதத்தில் உள்ள நியாயம் ஜாக்கிரதைக்காரருக்கு ஒருநாளும் புரியாது. தமது எச்சரிக்கையே ஓர் ஆபத்தாக இருக்கக்கூடும் என்கிற ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள எல்லா ஆபத்தும் அவருக்குத் தெரியும்.

கழகத்துக்குள் அவர் எப்படி வந்தார்? கோபு என்று ஒரு பிள்ளையாண்டான், அதே வீதிக்காரன், காலேஜில் பௌதிக சாஸ்திரம் சொல்லிக் கொடுக்கிறான். அவனுக்கு ஒரு பாலிஸி விற்கலாம் என்று பராசரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளிட மணலுக்குத் தேடிக்கொண்டு போனார். அங்கே எலுமிச்சம்பழம் அளவு என்ஜின் ஒன்று ஆறடி இறக்கை உள்ள விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் விசிறி சுழல்வதைப் பார்த்தார். "ராமா! இதுல வெரல் போயிடுமே!" என்றார். அந்தக் கணத்தில் அவருடைய வாழ்க்கை அர்த்தம் பெற்றது. பாலிஸியை மறந்தார்; சந்தாவைக் கட்டினார்; அடுத்த வாரம் பாதுகாப்புக் காரியதரிசியாகிவிட்டார். அதற்கு முந்தின வாரம்வரை அப்படி ஒரு பதவி கழகத்தில் இல்லை.

அன்றுமுதல் ஞாயிறுதோறும் அவர் குதிரை வண்டியில் வந்து இறங்கும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். முதலில் சிவப்புக் கொடி இறங்கும். பச்சைக் கொடி இறங்கும். டிங்க்சர் புட்டி, பஞ்சு, கயிற்றுச் சுருள், பெரிய தாழங்குடை, விதிகள் எழுதிய பலகை எல்லாம் இறங்கும். பிறகு வண்டிக்காரர் முக்கி முனகிக்கொண்டு ஒரு வாளியை இறக்குவார். அதில் மணல். தீப்பிடித்தால் அணைப்பதற்கு மணல் வாளி வேண்டும் என்பது பதினாலாவது விதி; வாளி வீட்டிலிருந்து கிளம்பும்போதே நிரம்பியிருக்க வேண்டும் என்பது பதினைந்தாவது. ஆகவே வடக்குச் சித்திரை வீதியிலிருந்து கொள்ளிடத்துக்கு வாரம் தவறாமல் மணல் வந்துகொண்டிருந்தது.

என்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயில் ஈதர் கலந்திருக்கும். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற அதே ஈதர். பொசுக்கென்று தீப்பற்றக் கூடியது. புட்டி எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்று பதினோராவது விதி. நல்ல விதிதான். ஆனால் புட்டி மூடியிருக்கிறதா என்று அறிந்துகொள்ளப் பராசரன் என்ன செய்வார் தெரியுமா? மூடியைத் திறந்து பார்ப்பார். மோந்து பார்ப்பார். "இருக்கு" என்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இப்படிச் சோதித்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் கண் சொருகிக் குடைநிழலில் சாய்ந்துவிடுவார். அந்த அரைமணி நேரத்தில்தான் கழகத்தார் நிம்மதியாக விமானம் விடுவார்கள்.

ஒன்பதாவது விதி: விமானம் விடுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது. விமானம் மேலே போனதும் பராசரன் அவர் காதருகில் வந்து இந்த விதியை உரக்க வாசிப்பார்.

இனிக் கதையின் நாயகியைச் சொல்ல வேண்டும். பேட்ரிசியா. பொன்மலை ரயில்வே காலனியைச் சேர்ந்த ஆங்கிலோ–இந்தியப் பெண். யுத்தத்தின்போது பெண்கள் படையில் வயர்லெஸ் கற்றுக்கொண்டு வந்து, இப்போது ரயில்வே தந்தி ஆபீஸில் வேலை. மற்ற இருவருடைய விமானங்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி. விட்டால் காற்று கொண்டுபோன இடத்துக்குப் போகும். பேட்ரிசியாவின் விமானம் அப்படியல்ல. யுத்தச் சாமான் ஏலத்தில் எடுத்த வால்வுகளையும் கம்பிகளையும் வைத்து அவள் ஒரு வயர்லெஸ் பெட்டி செய்திருந்தாள். தரையிலிருந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினால் ஆகாயத்தில் விமானத்தின் வால் திரும்பும். நீலப் பட்டு போர்த்திய அந்த விமானத்துக்கு மீன்கொத்தி என்று பெயர். இரவு ஷிப்டுக்கும் பகல் தூக்கத்துக்கும் இடையில் இரண்டு வருஷம் செதுக்கியது. ஜில்லாவில் மேலே போய்ச் சொன்ன இடத்துக்குத் திரும்பி வரக்கூடிய விமானம் அது ஒன்றுதான்.

இதைப் பார்த்துவிட்டுப் பராசரனும் சும்மா இருக்கவில்லை. பம்பாய்க் கம்பெனி மூலம் சீமையிலிருந்து ஒரு வயர்லெஸ் பெட்டி தருவித்தார். முள் ஆடும் மீட்டர், பளபளக்கும் நிக்கல் கம்பி, தோல் உறை எல்லாம் வைத்தது. விமானமும் வந்தது, அதை அவர் இன்றுவரை மணலுக்குக் கொண்டுவந்ததில்லை. பறப்பது ஆபத்தல்லவா? பெட்டியை மட்டும் கொண்டுவருவார்.

இங்கேதான் வந்தது சிக்கல். இரண்டு பெட்டியும் ஒரே அலையில் பேசுகிறவை. ஒரே நேரத்தில் இரண்டையும் போட்டால் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. பேட்ரிசியா ரயில்வேக்காரி, அவளுக்கு வழி உடனே தோன்றிவிட்டது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு அடையாளமாக ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டோக்கன் வளையம் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார். அதேபோல ஒரு பித்தளை வளையம் செய்துகொண்டு வந்தாள்.

"இது யார் கழுத்துல இருக்கோ அவங்கதான் பெட்டியைப் போடலாம். மத்தவங்க பெட்டியத் தொடக்கூடக் கூடாது. அவ்வளவுதான். இந்த ஒண்ணு இருந்தாப் போதும், மிஸ்டர் பராசரன்."

"பேஷ்! நாப்பத்தோராவது விதியா சேத்துடறேன்" என்றார் பராசரன். சேர்த்தார். சேர்த்துவிட்டு, வளையம் தொலைந்துபோகாமல் இருக்க அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். இனி மீன்கொத்தியை விட வேண்டுமானால் முதலில் அவரை ஈதர் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும்.

கொள்ளிடத்தில் கோடைக்கு வெள்ளரி போடுகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருத்தி வீராயி. கோபுவின் காற்றுவழி விமானம் ஒன்று இரண்டு முறை அவளுடைய வெள்ளரிக் கொடியில் போய் விழுந்தது. முதல் தடவை திட்டினாள். இரண்டாம் தடவை நேரே தாசில்தார் கச்சேரிக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிற ஜனங்கள் கொள்ளிடப் பாலத்தில் சாரிசாரியாக நடக்கிற காலம் வேறு. தாசில்தார் தர்மராஜ் ஆள் விட்டனுப்பினார்: வருகிற ஞாயிறு தாமே வந்து பார்ப்பார், மணலில் ஒரு வட்டம் போட வேண்டியது, விமானம் மேலே போய், பாலத்துப் பக்கம் போகாமல், அந்த வட்டத்துக்கே திரும்பி வந்தால் மணலை உபயோகித்துக்கொள்ளலாம். வராவிட்டால் அன்றோடு மூட்டை கட்டிவிட வேண்டியது.

திருச்சியில் வேறெங்கே போவது? பொன்மலையில் ஆடு மேய இடமுண்டு, ஆறடி இறக்கைக்கு இடமில்லை. பேட்ரிசியாவின் இரண்டு வருஷமும் அந்த ஒரு வட்டத்தில் வந்து நின்றது.

ஞாயிறு வந்தது. பேட்ரிசியா ஆறு மணிக்கே மணலில் இருந்தாள். பாலத்துக்கு மேற்கே இடம் பார்த்தாள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றுகொண்டாள். பார்க்க வந்தவர்களையெல்லாம் தனக்குப் பின்னால் நிறுத்தினாள். கோபு மீன்கொத்தியைத் தூக்கிக்கொண்டு நூறு கஜம் நடந்தான். அவள் இங்கே பொத்தானை அழுத்த, அங்கே வால் திரும்பும்போதெல்லாம் அவன் கையைத் தூக்கினான். கொஞ்சமாகத்தான் எண்ணெய் ஊற்றினாள். எல்லாம் பத்து நிமிஷம். கொடியில்லை, விசில் இல்லை. பராசரனுக்கு இது பாதுகாப்பாகவே படவில்லை.

அவர் தம் பங்கைச் செய்தார். தாசில்தாருக்காக நாற்காலி போட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றில் தாசில்தாரின் சேவகர் தடுக்கி விழுந்தார். உடனே டிங்க்சர் போடப்பட்டது. தீயணைப்பு மணல் விமானம் இறங்கும் இடத்துக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டுமல்லவா? வாளியைக் கொண்டுபோய் வட்டத்தின் நட்டநடுவில் வைத்தார்.

தாசில்தார் வந்தார். வாட்டசாட்டமான மனிதர், அதிகம் பேசாதவர். விதிப் பலகையை இருபத்திரண்டுவரை வாசித்தார். அப்புறம் வெள்ளரித் தோட்டத்துப் பக்கம் பார்த்தார்.

"அய்யா, ஒரு பிஞ்சு தின்னு பாருங்க. இதுமேலதான் வந்து விழுவுது அந்தப் பொணந்தின்னிப் பருந்து" என்றாள் வீராயி. தாசில்தார் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பிஞ்சு தின்னத் தொடங்கினார்.

பராசரன் சாவியை எடுத்தார். தகரப் பெட்டியைத் திறந்தார். வளையத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, கோயில் மரியாதை செய்வது போலப் பேட்ரிசியாவின் கழுத்தில் போட்டார். நாற்பத்தோராவது விதியை உரக்க வாசித்தார். அட்சரம் பிசகவில்லை.

மீன்கொத்தி கிளம்பியது. கோபுவின் கையை விட்டு விலகினதும் ஒருமுறை தாழ்ந்து, பிறகு வெயிலில் நீலமாக மின்னிக்கொண்டு மேற்கே ஏறியது. பேட்ரிசியா பொத்தானைத் தொட்டாள், வலப்புறம் வளைந்தது. மறுபடி தொட்டாள், நேராயிற்று. வீராயிகூட வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

"அட, சொன்னபடி கேக்குதே! எங்கூட்டு மனுசன் இப்பிடிக் கேட்டா நான் ஏன் ஆத்துல கெடக்கேன்?"

எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பார்க்கவில்லை. ஜாக்கிரதைக்காரர் எப்போதும் நடப்பதைப் பார்ப்பதில்லை, நடக்கக்கூடியதைப் பார்க்கிறவர். பராசரனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பேட்ரிசியாவின் பெட்டி பேசுகிறது, சரி. ஆனால் வேறு யாராவது அதே அலையில் பேசினால்? இங்கே யாரும் இல்லை, ஆனால் தூரத்தில்? மலைக்கோட்டைப் பக்கத்தில்? ஒரு விஷமி? காற்று சுத்தமாக இருக்கிறதா என்று யாராவது சோதித்தார்களா? ஒருவரும் இல்லை! பாதுகாப்புக் காரியதரிசி எதற்கு இருக்கிறார்?

நாற்பத்தோராவது விதி ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அது விமானம் விடுகிறவர்களுக்கு ஏற்பட்ட விதி. அவரோ பாதுகாப்பைக் கவனிக்கிறவர். தாழங்குடைக்குப் பின்னால் போய்த் தோல் உறையைக் கழற்றினார், நிக்கல் கம்பியை முழு உயரத்துக்கு இழுத்தார், பெட்டியைப் போட்டார், பொத்தானை அழுத்தினார், மீட்டரைப் பார்த்தார்.

முள் எகிறியது.

"ஆபத்து!" என்று அலறினார் பராசரன். "காத்துல யாரோ அலை விடறான்! இதோ, முள்ளு காட்றது! பலமா விடறான்!" பொத்தானை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். மற்றக் கையால் சிவப்புக் கொடியை எடுத்தார். வாயில் விசிலை வைத்தார்.

மேலே மீன்கொத்தியின் வால் இடப்புறம் திரும்பியது, திரும்பியபடியே நின்றுவிட்டது. விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் தாழ்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று அதைக் கிழக்கே தள்ளியது. கிழக்கே பாலம். பாலத்தின்மேல் மஞ்சள் புடவைகள், வேப்பிலை, தீச்சட்டி, தோளில் குழந்தைகள். ஈதர் எண்ணெய் சுமந்த ஆறடிப் பறவை.

பேட்ரிசியா பொத்தானை அழுத்தினாள். அசைவில்லை. பெட்டியைத் தட்டினாள். அசைவில்லை. கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சைத் தாசில்தார் கீழே போட்டார்.

பேட்ரிசியா விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "கோபு! யாராவது பெட்டி போட்டிருக்காங்களா? பாரு!"

கோபு திரும்பினான். தாழங்குடைக்கு மேலே ஒரு நிக்கல் கம்பி வெயிலில் மின்னியது.

"மாமா! பெட்டியை நிறுத்துங்கோ!"

பராசரன் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "ஒன்பதாவது விதி! பறக்கறபோது பேசப்படாது!"

"மாமா, உங்க பெட்டிதான்!"

"ஆமாண்டா, என் பெட்டிதான் கண்டுபிடிச்சுது! தொடாதே! திருடன் முள்ளுல மாட்டிண்டிருக்கான்!"

கோபு பேச்சை நிறுத்தினான். ஓடிப்போய்ப் பெட்டியின்மேல் குனிந்து, பௌதிக சாஸ்திரம் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்காத ஒரு காரியத்தைச் செய்தான். வயதில் பெரியவரான, தன் தகப்பனாருடைய சிநேகிதரான, வடக்குச் சித்திரை வீதி பராசரனின் கட்டைவிரலைப் பிடித்து மடக்கித் தூக்கினான்.

முள் பொத்தென்று விழுந்தது.

"பாத்தியா!" என்றார் பராசரன் வெற்றிக் களிப்போடு. "ஓடிட்டான்!"

பாலத்துக்கு அருகே தென்னை மர உயரத்தில் மீன்கொத்தி சட்டென்று நிமிர்ந்தது. பாலத்து ஜனங்கள் "ஆத்தா!" என்று கைகூப்பினார்கள்; அம்மன் வாகனம் என்று நினைத்தவர்களும் உண்டு. அவர்கள் தலைக்கு முன்னால் வலப்புறம் வளைந்து, மேற்கே திரும்பியது. அந்தச் சமயம் பார்த்து எண்ணெய் தீர்ந்தது. என்ஜின் நின்றது. கொள்ளிடத்தில் திடீரென்று அவ்வளவு நிசப்தம். பேட்ரிசியாவின் கட்டைவிரல் மட்டும் மெல்ல அசைந்தது. விமானம் சத்தமில்லாமல் மிதந்து வந்தது, வீராயியின் கொடிகளைத் தாண்டியது, தாசில்தாரின் காலி நாற்காலியைத் தாண்டியது, போட்டிருந்த வட்டத்துக்குள், கோட்டுக்கு நல்ல உள்ளே, சக்கரம் பட இறங்கியது, பத்தடி ஓடியது, பராசரனின் தீயணைப்பு மணல் வாளியில் மோதி இடப்பக்கத்து இறக்கையை முறித்துக்கொண்டு நின்றது.

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அந்த மணலில் மோதிக்கொள்ளக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

பேட்ரிசியா ஓடிப்போய் முறிந்த இறக்கையை மடியில் போட்டுக்கொண்டாள். தாசில்தார் நடந்து வந்தார். வட்டத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"திரும்பி வந்துடுச்சு. அது சரிம்மா. நடுவுல பாலத்துப் பக்கம் ஏன் போச்சு? அதுதானே எனக்கு முக்கியம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பராசரன் நடுவில் வந்துவிட்டார். "அடியேன் விக்ஞாபிக்கிறேன். ஒரு விஷமி அலை விட்டான். அடியேன் கருவியாலே கையும் களவுமா பிடிச்சேன். இனிமே இப்படி நடக்காம இருக்கறதுக்கு மூணு புது விதி யோசிச்சு வெச்சிருக்கேன்."

"விஷமி எங்க?"

"காத்துல."

பேட்ரிசியா மணலில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "மிஸ்டர் பராசரன், உங்க பெட்டிக்கு வாய்தான் உண்டு. காது கிடையாது. அது பேசும். கேக்காது. நீங்க பிடிச்சது உங்களையேதான்."

"அம்மா, கோவத்துல பேசறேள். நியாயந்தான், இறக்கை போயிடுத்து. ஆனா முள்ளு பொய் சொல்லுமா?"

தாசில்தார் பெட்டியின் பக்கத்தில் குந்தினார். "எங்க, அந்த முள்ளைக் காட்டுங்க."

பராசரன் அழுத்தினார். முள் எழுந்தது. "வந்துட்டான், பாருங்கோ!"

"விடுங்க."

விட்டார். முள் விழுந்தது. "போயிட்டான்!"

"மறுபடியும்."

"வந்துட்டான்!"

"விடுங்க."

"போயிட்டான்! படா போக்கிரி ஸார், நாம பாக்கறது அவனுக்குத் தெரியறது!"

தாசில்தாரின் சேவகர் திரும்பி நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வீராயிக்குத் துண்டு இல்லை.

"ஏஞ்சாமி," என்றாள், "நீங்க கையை எடுத்தா அவன் போயிடறான், கையை வெச்சா வந்துடறான். பேசாம கையை எடுத்துட்டு வூட்டுக்குப் போனா, அவனும் ஒங்களோடயே வந்துருவான்ல?"

பராசரன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பாமர ஜனம். வயர்லெஸ் எங்கே புரியப் போகிறது?

தாசில்தார் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். கழகத்தை மூடச் சொல்வார் என்று எதிர்பார்த்து எல்லோரும் நின்றார்கள். அவர் விதிப் பலகை அருகில் போனார்; இந்தத் தடவை இருபத்திரண்டோடு நிறுத்தாமல் நாற்பத்தொன்றுவரை போனார்; அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது ஒண்ணு போதும். வளையம் இந்தம்மாகிட்டயே இருக்கட்டும். வளையம் இல்லாத பெட்டி மணலுக்குள்ள வரக்கூடாது. கரை மேல அரசமரத்தடியிலேயே வெச்சுட்டு வரணும். வெள்ளரிக்கொல்லைப் பக்கம் யாரும் விடக்கூடாது. மத்தபடி உபயோகிச்சுக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "கரையில பெட்டியெல்லாம் பத்திரமாப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணும். பொறுப்பான வேலை. இறங்கி மணலுக்கு வரவே முடியாது."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பராசரன் ஓர் அடி முன்னால் வந்து நின்றிருந்தார்.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். எனக்குத் தெரியும். படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார்: அடுத்த வீட்டுக்காரர், ஆபீஸ் சூப்பிரண்டு, மைத்துனர், யாரோ ஒருவர். இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அவருடைய நன்மைக்காகத்தான், யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் பாவம் அவருக்கு எப்படித் தெரியும் என்றுகூட யோசித்திருப்பீர்கள். அந்த யோசனை வந்தபோது உங்கள் முள் எகிறவில்லையா? அவரைத் தேடிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கட்டைவிரல் எதன்மேல் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

மீன்கொத்திக்குப் புது இறக்கை போட்டாகிவிட்டது. வருகிற ஞாயிறு காலையில் மறுபடி பறக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அரசமரத்தடி வழியாகத்தான் மணலுக்கு இறங்க வேண்டும். பராசரன் அங்கே படியில் நிற்பார்.